துபாய் லைசென்ஸ் ஒன்று, ஊர் லைசென்ஸ் ஒன்று: இங்கிலாந்தில் எது மாறும், எது மாறாது

பெரியபட்டினத்துத் தம்பி ஒருவர் துபாயிலிருந்து கேட்டிருக்கிறார்: "காக்கா (அண்ணா), மனைவிக்கு இங்கிலாந்தில் லெஸ்டரில் வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு போகிறோம். என்னிடம் 2016-இல் ராமநாதபுரத்தில் எடுத்த லைசென்ஸும், 2019-இல் துபாயில் டெஸ்ட் எழுதி, ஓட்டிக் காட்டி வாங்கிய ஆட்டோமேட்டிக் லைசென்ஸும் இருக்கின்றன. துபாய் அட்டை முடிய இன்னும் ஏழு மாதம். மனைவியிடம் 2020-இல் ஊரில் எடுத்த இந்திய லைசென்ஸ் மட்டும்தான். அங்கே போய் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாமா? ஏஜென்ட் ஒருவர் இரண்டையும் மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்கிறார்."

தம்பி, அந்த ஏஜென்டுக்கு ஒரு திர்ஹம்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் துபாய் லைசென்ஸை மாற்றலாம், அதற்கு ஏஜென்ட் தேவையில்லை. தங்கச்சியின், அதாவது உங்கள் மனைவியின், இந்திய லைசென்ஸை அங்கே யாராலும் மாற்ற முடியாது. அவர் இங்கிலாந்துக்காரர் எழுதுகிற அதே டெஸ்டை எழுதித்தான் வாங்க வேண்டும்.

இது நம் ஆட்கள் பலருக்குப் புரியாத இடம். வேறு நாட்டு லைசென்ஸை மாற்றித் தருகிறவர்கள் உங்கள் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் எத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்றும் பார்ப்பதில்லை. அந்த அட்டைக்காக எந்த நாட்டில் டெஸ்ட் கொடுத்தீர்கள், அந்த நாடு எங்கள் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பிரிட்டனின் பட்டியலில் ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், ஹாங்காங், தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே எல்லாம் உண்டு, இந்தியா இல்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2021-இல் சேர்ந்தது. அதனால்தான் ஒரே வீட்டில் உங்களுக்கு ஒரு வழி, தங்கச்சிக்கு ஒரு வழி.

முதலில் உங்களுடையதைப் பார்ப்போம். துபாய் லைசென்ஸை டெஸ்ட் கொடுத்து வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். இது பெரிய விஷயம். பட்டியலில் உள்ள நாட்டின் லைசென்ஸாக இருந்தாலும், அதையே பட்டியலில் இல்லாத நாட்டின் லைசென்ஸைக் கொடுத்து மாற்றி வாங்கியிருந்தால் பிரிட்டனில் ஏற்கமாட்டார்கள். இந்திய லைசென்ஸைத் துபாயில் நேராக மாற்றித் தருவதில்லை என்று நாம் எத்தனையோ வருடம் புலம்பியிருக்கிறோம். வகுப்புக்குப் போய், பார்க்கிங் டெஸ்ட் கொடுத்து, ரோடு டெஸ்ட் கொடுத்து, கையில் இருந்ததை எல்லாம் கட்டி வாங்கினோம். அந்தச் செலவுதான் இப்போது உங்களுக்குக் கைகொடுக்கிறது.

குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அந்தத் துபாய் அட்டையை வைத்தே ஓட்டலாம். மாற்றிக்கொள்ள 5 வருடம் அவகாசம் உண்டு. இந்த இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 12 மாதம் தாண்டி, மாற்றாமல் ஓட்டினால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதுதான், இன்சூரன்சும் நிற்காது. அதோடு, மாற்றக் கொடுக்கும்போது அட்டை செல்லுபடியாக இருக்க வேண்டும். உங்களுடையது முடிய ஏழு மாதம்தான், அதில் இரண்டு மாதம் துபாயிலேயே போய்விடும். மிச்சம் ஐந்து மாதம். ஆகவே 5 வருடக் கணக்கை மறந்துவிடுங்கள். துபாய் விசா ரத்தாவதற்கு முன்பே புதுப்பிக்க வழி இருந்தால் புதுப்பித்துக்கொண்டு போங்கள். எமிரேட்ஸ் ஐடி கையை விட்டுப் போன பிறகு அங்குள்ள லைசென்ஸைப் புதுப்பிப்பது பெரும்பாடு. முடியவில்லை என்றால் லெஸ்டரில் வீடு பிடித்த கையோடு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பம் டி1 படிவம். அங்குள்ள தபால் அலுவலகங்களில் கிடைக்கும். கட்டணம் 43 பவுண்டு. குறைந்தது 185 நாள் தங்க அனுமதி உள்ளவராக இருக்க வேண்டும், தங்கச்சியின் வேலை விசாவோடு போகிற உங்களுக்கு அதில் சிக்கல் வராது. படிவத்தோடு துபாய் அட்டையின் அசலை அனுப்ப வேண்டும். அது உங்களிடம் திரும்பி வராது என்று நினைத்தே அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் பகல் வெளிச்சத்தில், மேசைமேல் வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எடுக்கும்போதே அட்டையில் உள்ள ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். முதலில் வழங்கிய நாள் எது, புதுப்பித்த நாள் எது, வண்டியின் வகை என்ன, ஆட்டோமேட்டிக் என்ற குறிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல பேர் ஏழெட்டு வருடம் பர்ஸில் வைத்திருந்த அட்டையை அன்றைக்குத்தான் முதல்முறையாக வாசிக்கிறார்கள்.

ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தவருக்கு அங்கேயும் ஆட்டோமேட்டிக் லைசென்ஸ்தான் வரும். கியர் வண்டி ஓட்ட வேண்டுமானால் கியர் வண்டியில் டெஸ்ட் கொடுக்க வேண்டும். துபாயைவிட்டுக் கிளம்புமுன் இன்னும் இரண்டு காகிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, எந்த வருடத்திலிருந்து லைசென்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று துபாய் போக்குவரத்து ஆணையம் தருகிற அனுபவச் சான்று. மற்றது, விபத்துக் கோரிக்கை ஏதும் இல்லை என்று உங்கள் கார் இன்சூரன்ஸ் கம்பெனி தருகிற கடிதம். இங்கிலாந்தில் புதிதாக வருகிறவருக்குக் கார் இன்சூரன்ஸ் தலையைச் சுற்ற வைக்கும். எல்லா கம்பெனியும் வெளிநாட்டுக் கடிதத்தை ஏற்பதில்லை, ஆனால் ஏற்கிற சில உண்டு. கடிதமே இல்லை என்றால் கேட்கவே வழியில்லை.

சரி, இனித் தங்கச்சி. அவருக்கும் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் இந்திய லைசென்ஸிலேயே ஓட்ட அனுமதி உண்டு. நடுவில் ஊருக்கு வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று சிலர் சொல்வார்கள். தொடங்காது. இந்த நம்பிக்கையால் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

அந்த 12 மாதம் நீளமாகத் தோன்றும், உண்மையில் நீளமில்லை. ஓட்டிக் காட்டும் டெஸ்டுக்கு அங்கே பல ஊர்களில் நாள் கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆகவே போன முதல் மாதமே ப்ரொவிஷனல் லைசென்ஸுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், 34 பவுண்டு. நம் ஊர் எல்.எல்.ஆர் மாதிரிதான் அது. அப்புறம் தியரி டெஸ்ட், 23 பவுண்டு. 50 கேள்வியில் 43 சரியாக இருக்க வேண்டும். கூடவே ஆபத்தைக் கண்டுகொள்ளும் வீடியோ டெஸ்ட்: 14 வீடியோ, 75-க்கு 44 எடுக்க வேண்டும். ஓடுகிற வீடியோவில் பந்து உருண்டு வருகிறதா, நிற்கிற வேனுக்குப் பின்னாலிருந்து ஆள் வருகிறாரா என்று பார்த்து, ஆபத்து உருவாகிற நொடியிலேயே மவுஸை அழுத்த வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்தான் இதில் தவறுகிறார்கள். ஆபத்து கிட்டே வந்தபின் சமாளித்துப் பழகிய கண்கள் நமக்கு. அவர்கள் கேட்பது வருமுன் பார்க்கிற கண்.

ஒரு காலத்தில் இந்தத் தியரி டெஸ்டைத் தமிழில் காதால் கேட்டு எழுதலாம். 19 மொழிகளில் குரல் வசதி இருந்தது, அதில் தமிழும் ஒன்று. 2014 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள். எனவே தங்கச்சி ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அந்த அரசே வெளியிடுகிற ஹைவே கோட் என்ற சாலை விதிப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கிளம்ப இரண்டு மாதம் இருக்கிறதே, இப்போதே இரவில் பத்துப் பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள்.

ஓட்டிக் காட்டும் டெஸ்ட் வார நாளில் 62 பவுண்டு, நாற்பது நிமிடம் போல நடக்கும். முதலில் 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பரைப் படிக்கச் சொல்வார்கள். சின்னத் தவறு 15 வரை விடுவார்கள். பெரிய தவறு ஒன்று செய்தாலும் தோல்விதான்.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானும் துபாயில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை வந்தவன். நாம் ராமநாதபுரத்தில் எட்டுப் போட்டும் எச் போட்டும் லைசென்ஸ் வாங்கியவர்கள். அது வண்டியைத் திருப்பத் தெரியுமா என்று பார்க்கிற டெஸ்ட். அவர்கள் பார்ப்பது, மற்றவர்களோடு சேர்ந்து ஓட்டத் தெரியுமா என்பதை. கீழக்கரை முக்கு ரோட்டில் திரும்புகிறவரை நினைத்துப் பாருங்கள். ஹாரனை ஒரு தட்டு, ஜன்னல் வழியே கையை லேசாக ஆட்டல், எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்து "வா" என்றோ "இரு" என்றோ ஒரு தலையசைப்பு, வேலை முடிந்தது. அதில் ஒரு நேர்த்தி உண்டு, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதில் கண்ணாடிக்கு இடமே இல்லை. பின்னால் வருகிறவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்பது நம் ஊர் ஏற்பாடு.

அங்கே டெஸ்ட் எடுக்கிறவர் உங்கள் கையைவிட உங்கள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இன்டிகேட்டர் போடுமுன் உள் கண்ணாடி, பிறகு திரும்புகிற பக்கத்துக் கண்ணாடி, அதற்கு அப்புறம்தான் இன்டிகேட்டர், அப்புறம்தான் ஸ்டியரிங். வேகத்தைக் குறைக்கும்போதும் கண்ணாடி. ஓரத்தில் நின்று மறுபடி கிளம்பும்போது கண்ணாடி மட்டும் போதாது, தோளுக்கு மேலே தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். துபாயில் எனக்குச் சொல்லித்தந்த மலையாளி ஆசிரியர், கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் வாய்விட்டு "மிரர்" என்று சொல்லச் சொன்னார். மூன்று வாரம் சொல்லிச் சொல்லித்தான் என் கழுத்து பழகியது. தங்கச்சியும் இதை இப்போதே ஊர் ரோட்டில் தொடங்கலாம், காசு செலவில்லை.

இன்னொன்று ரவுண்டானா. வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட்டு நுழைய வேண்டும். தெருமுனையில் வெள்ளை வட்டம் ஒன்றை மட்டும் வரைந்து வைத்திருப்பார்கள், அதுவும் ரவுண்டானாதான், அதே விதிதான். இடைவெளி இருந்தும் போகாமல் நின்றுகொண்டே இருந்தாலும் தவறு, இடைவெளி இல்லாமல் முண்டினாலும் தவறு. பாம்பன் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்க்கிற மாதிரி, நினைத்த இடத்தில் ஓரங்கட்டுகிற பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

அங்கே போய் ஐந்தாறு வகுப்பாவது அங்குள்ள ஆசிரியரிடம் எடுக்கட்டும். கட்டாயம் இல்லை, ஆனால் ஒருமுறை தோற்றால் அடுத்த டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்கிற மாதங்களை நினைத்தால் அந்தப் பணம் பெரிதில்லை. 12 மாதம் முடிந்தும் பாஸ் ஆகவில்லை என்றால் அன்றோடு தனியாக ஓட்ட முடியாது. எல் போர்டு மாட்டி, பக்கத்தில் 21 வயதுக்கு மேற்பட்ட, பிரிட்டன் அல்லது ஐரோப்பிய முழு லைசென்ஸ் 3 வருடம் வைத்திருப்பவர் உட்கார வேண்டும். புதிதாக மாற்றி வாங்கிய நீங்கள் அந்த இடத்தில் உட்காரலாம் என்று எண்ணாதீர்கள். பாஸ் ஆன பிறகும், முதல் 2 வருடத்துக்குள் 6 பெனால்டி பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுத்தால் அந்த 6 பாயின்டும் ஒரே தடவையில் வந்துவிடும்.

இனி ஊரில் முடிக்க வேண்டிய வேலை. இதைத்தான் எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்.

பெயர். நம் பெயர்களில் தகப்பனார் பெயர் லைசென்ஸில் ஓர் எழுத்தாக இருக்கும், பாஸ்போர்ட்டில் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கும். கல்யாணத்துக்குப் பின் பாஸ்போர்ட் எடுத்த பெண்களுக்கு அந்த இடத்தில் கணவர் பெயரே இருக்கும். முகமது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று உங்களுக்கே தெரியும். வெளிநாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இவை இரண்டு வேறு ஆட்கள். பாஸ்போர்ட்டையும் லைசென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஊரில் இருக்கும்போதே லைசென்ஸில் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, லைசென்ஸ் விவரம் மத்திய அரசின் சாரதி தளத்தில் வருகிறதா என்று பாருங்கள். டிஎன் 65 என்று தொடங்குகிற எண்ணைப் போட்டால் விவரம் வர வேண்டும். உங்கள் இருவருடையதும் வந்துவிடும் என்றே நினைக்கிறேன். வாப்பா காலத்துப் பழைய லேமினேட் அட்டைகள்தான் பல நேரம் வருவதில்லை, அவற்றை ஆர்டிஓ அலுவலகத்தில் சொல்லிக் கணினியில் ஏற்ற வேண்டும். அந்தத் தளத்திலேயே லைசென்ஸ் விவரச் சுருக்கம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வருடத்திலிருந்து ஓட்டுகிறீர்கள் என்று கேட்கிற நாடுகளில் அதுதான் பேசும்.

முடிவு தேதி பற்றி என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். நான் துபாயில் இருந்தபோது ஊர் லைசென்ஸ் காலாவதி ஆனது எனக்குத் தெரியவே தெரியாது. பெட்டியின் அடியில் கிடந்தது. ஆறு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தேன். துபாயில் தினமும் இருநூறு கிலோமீட்டர் ஓட்டியவன், ஊரில் எல்.எல்.ஆரிலிருந்து தொடங்கி, பதினெட்டு வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று மறுபடி டெஸ்ட் கொடுத்தேன். இப்போது விதி இன்னும் இறுக்கம். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம், ஆனால் முடிந்து ஒரு வருடம் தாண்டினால் ஓட்டிக் காட்ட வேண்டும். 2019-இல் சட்டம் திருத்திய பிறகு, 30 வயதுக்குள் எடுத்தவருக்கு 40 வயது வரை செல்லும். தங்கச்சி அந்த வயதுக்குள் எடுத்திருந்தால் அவருக்கு அந்தக் கணக்கு. உங்களுடையது பழைய விதிப்படி 20 வருடம் அல்லது 50 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை. அட்டையில் உள்ள தேதியே முடிவு, அதைக் குறித்து வையுங்கள்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்று ஒன்று உண்டே என்று கேட்பீர்கள். ஆர்டிஓவில் 1000 ரூபாய் கட்டணம், ஒரு வருடம் செல்லும். அது உங்கள் இந்திய லைசென்ஸுக்குத் துணையாக வருகிற காகிதம், தனி லைசென்ஸ் இல்லை, அதை எந்த நாட்டிலும் மாற்றிக்கொள்ள முடியாது. வாடகைக் கார் எடுக்கிற இடத்தில் சில நேரம் கேட்பார்கள். இணையத்தில் "பத்து வருடம் செல்லும் இன்டர்நேஷனல் லைசென்ஸ்" என்று விற்கிற அட்டைகள் எதற்கும் ஆகாது.

இதைப் படிக்கிற மற்றவர்கள் வேறு நாடுகளைக் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் அவகாசம் 6 மாதம்தான். இந்திய லைசென்ஸ்காரர் தியரியும் ஓட்டிக் காட்டும் டெஸ்டும் இரண்டும் கொடுக்க வேண்டும். கட்டாய வகுப்பு மணிகளிலிருந்து விலக்கு உண்டு, முதலுதவிப் பயிற்சியும் கண் பரிசோதனையும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில் 60 நாள். அங்கே இந்திய அனுபவத்தை நிரூபித்தால் வருடக்கணக்கில் காத்திருக்காமல் ரோடு டெஸ்டுக்குப் போகலாம், அதற்கு வழங்கிய அலுவலகத்தின் கடிதம் கேட்பார்கள், அந்தக் கடிதத்தை இங்கிருந்தே கொண்டு போங்கள். சிங்கப்பூரில் 12 மாதத்துக்குள் அடிப்படைத் தியரி டெஸ்டில் 50-க்கு 45 எடுத்தால் காருக்கான லைசென்ஸை மாற்றலாம். வேலைக்காகவே வண்டி ஓட்டப் போகிற பர்மிட்காரர்களுக்கு அங்கே கணக்கு வேறு, அவகாசமும் குறைவு.

உங்களுக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டும் தம்பி. நீங்கள் ஏழெட்டு வருடமாக வலப்பக்கம் ஓட்டியவர். இங்கிலாந்தில் நம் ஊர் மாதிரி இடப்பக்கம். நெரிசலில் தவறு வராது, முன்னால் போகிற வண்டி வழிகாட்டிவிடும். ஆளே இல்லாத அதிகாலையில், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்து திரும்பும்போது கை பழைய பக்கத்துக்குத்தான் இழுக்கும். ரவுண்டானாவிலும் துபாயில் இடப்பக்கம் பார்த்து நுழைந்தீர்கள், இங்கிலாந்தில் வலப்பக்கம் பார்க்க வேண்டும். லெஸ்டர் போகுமுன் ஊருக்கு வருகிறீர்கள் அல்லவா, வாடகைக் காரில் ஏறிப் பின்னால் உட்காராதீர்கள். கீழக்கரையிலிருந்து தேவிபட்டினம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாலைந்து நாள் நீங்களே ஓட்டுங்கள். பக்கத்தில் தங்கச்சி உட்கார்ந்து "மிரர்" சொல்லட்டும், திரும்பி வரும்போது அவர் ஓட்ட நீங்கள் சொல்லுங்கள்.

நாளைக்கு ஊர் திரும்பி வந்தாலும் கவலை வேண்டாம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில், வெளிநாட்டு லைசென்ஸ் கையில் வைத்திருப்பவருக்கு அதே வகை வண்டிக்கு ஓட்டுத் தேர்வு இல்லாமல் லைசென்ஸ் தர இடம் உண்டு. அந்த அட்டை காலாவதி ஆகுமுன் ஆர்டிஓவில் போய் அந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போதைக்கு முதல் வேலை, வீட்டுக்குப் போன் போட்டுத் தங்கச்சியின் லைசென்ஸையும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் சேர்த்து வைத்து ஒரே படமாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெயர் இரண்டிலும் ஒன்றாக இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள், திருத்த விண்ணப்பத்துக்கு எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.